லத்தீன் வினையின் ‘ர்’ ஈறு: செயப்பாட்டுவினை என்ற பெயருக்குள் அடங்காத இலக்கணம்

1. டொனாடஸ் போட்ட கோடு

லத்தீன் கற்கத் தொடங்குபவருக்கு ஆரம்பப் பாடங்களிலேயே ஒரு வாய்பாடு வந்துவிடும். ‘அமோ’ என்றால் நேசிக்கிறேன், ‘அமோர்’ என்றால் நேசிக்கப்படுகிறேன். முன்னது செய்வினை, பின்னது செயப்பாட்டுவினை. இந்தப் பாகுபாடு மனத்தில் நன்றாக ஊறிய பிறகு, விதிவிலக்கு என்ற தலைப்பில் வேறொரு கூட்டம் வந்து நிற்கும். ‘செக்வோர்’ என்றால் பின்தொடர்கிறேன், ‘லொக்வோர்’ என்றால் பேசுகிறேன், ‘மொரியோர்’ என்றால் சாகிறேன். ஈறு செயப்பாட்டுக்குரியது, பொருளோ செய்வினைக்குரியது. இவற்றுக்கு டெப்போனென்ட் வினைகள் என்று பெயர். காரணம் கேட்காமல் மனப்பாடம் செய்துகொள் என்பதே பெரும்பாலான பாடநூல்களின் தொனி.

இந்த வரிசை தலைகீழானது என்பது இக்கட்டுரையின் வாதம். ‘ர்’ ஈற்றின் இயல்பைக் காட்டுவது ‘செக்வோர்’ போன்ற சொற்கள்தான். ‘அமோர்’ அந்த ஈறு செய்யும் பல வேலைகளில் ஒன்றை மட்டுமே காட்டுகிறது.

கோடு எங்கே போடப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கி.பி. 4ஆம் நூற்றாண்டில் ரோமில் ஆசிரியராக இருந்தவர் ஏலியஸ் டொனாடஸ். விவிலியத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோம் இவரிடம் படித்தவர். கேள்வி-பதில் வடிவில் டொனாடஸ் எழுதிய சிறு இலக்கணம், இடைக்காலம் முழுவதும் ஐரோப்பியப் பள்ளிகளின் முதல் நூலாக இருந்தது. அதில் வினைகள் ஐந்து வகை. ‘ஓ’வில் முடிந்து, ‘ர்’ சேர்த்தால் செயப்பாட்டாகக் கூடியது செய்வினை. ‘ர்’ரில் முடிந்து, அதை நீக்கினால் செய்வினையாகிவிடுவது செயப்பாட்டுவினை. ‘ஸ்தோ’ (நிற்கிறேன்), ‘குர்ரோ’ (ஓடுகிறேன்) போன்றவை ‘ர்’ சேர்த்தால் லத்தீன் சொல்லாகவே இராது, அவை இரண்டுமற்றவை. ‘லொக்வோர்’ போன்றவற்றிலிருந்து ‘ர்’ரை நீக்கினால் லத்தீன் ஆகாது, அவை டெப்போனென்ட். ஐந்தாவது வகை பொதுவினை: ‘ர்’ரில் முடிந்து, இடத்துக்கேற்ப ‘ஆராய்கிறேன்’ என்றும் ‘ஆராயப்படுகிறேன்’ என்றும் இரு பொருளும் தருபவை.

எழுத்தைச் சேர்த்தும் நீக்கியும் பார்க்கும் சோதனைதான் இது. பொருள் கடைசியில்தான் தலைகாட்டுகிறது. மாணவனுக்குப் பயன்படும், ஆனால் மொழியின் இயல்பைச் சொல்லாது. ஐந்தாம் வகை என்று ஒன்று தேவைப்பட்டதே இந்தச் சோதனை போதவில்லை என்பதற்கு டொனாடஸ் தாமே விட்டுச்சென்ற சாட்சி. கிரேக்க இலக்கணிகள் செய்தல், படுதல் என்பவற்றோடு, வினைப்பயன் செய்பவனையே சேரும் நடுநிலை என்று மூன்றாவது ஒன்றையும் வைத்திருந்தார்கள். ரோமானியர் கிரேக்கரிடமிருந்து ஏறத்தாழ எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள், நடுநிலையை மட்டும் விட்டுவிட்டார்கள். லத்தீனில் அதற்கென்று தனி வடிவம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதே காரணமாக இருக்க வேண்டும்.

2. ஈறுகளின் பிறப்பு

செவ்வியல் கால உச்சரிப்பைத் தழுவி நிகழ்கால வாய்பாட்டை எழுதினால் செய்வினை இப்படி வரும்: அமோ, அமாஸ், அமத், அமாமுஸ், அமாத்திஸ், அமந்த். செயப்பாடு: அமோர், அமாரிஸ், அமாத்துர், அமாமுர், அமாமினீ, அமந்துர்.

மேலோட்டமாகப் பார்த்தால் எங்கும் ‘ர்’ மயம். கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் கதை மாறுகிறது. தன்மை ஒருமையிலும் பன்மையிலும், படர்க்கை இரண்டிலும் உள்ள ‘ர்’ ஒரே குடும்பம். முன்னிலை ஒருமையில் உள்ள ‘ர்’ வேறு பிறப்பு. அங்கே பழைய ஈறு ‘-ஸே’. இரு உயிர்களுக்கு இடைப்பட்ட ‘ஸ’ ஒலி லத்தீனில் ‘ர’வாக மாறியது, கி.மு. 4ஆம் நூற்றாண்டளவில் நிகழ்ந்த ஒலிமாற்றம் அது. அப்படி ‘அமாஸே’ ‘அமாரே’ ஆயிற்று. செய்வினையின் முன்னிலை ஒருமை ‘ஸ்’ஸில் முடிவதால் அதைப் பார்த்து இதற்கும் ஒரு ‘ஸ்’ ஒட்டிக்கொள்ள, ‘அமாரிஸ்’ பிறந்தது. பழைய லத்தீன் நாடகாசிரியர் பிளவுட்டஸிடம் ‘-ரே’ வடிவமே வழக்கு. ‘-ரிஸ்’ பின்னால் வந்த சரக்கு. முன்னிலைப் பன்மை ‘அமாமினீ’யிலோ ‘ர்’ரே கிடையாது. அது கிரேக்கத்தின் நடுநிலை எச்சவடிவத்தோடு உறவுடையது என்பது நெடுநாளைய கருத்து. எல்லாரும் ஒப்புக்கொண்ட முடிவு அல்ல.

ஆக, ஒரே ஈற்றின் ஆறு வடிவங்களாக நமக்குத் தெரிவது உண்மையில் மூன்று மூலங்களிலிருந்து வந்து சேர்ந்த தொகுப்பு.

நான்கு இடங்களில் நிற்கும் அந்த ‘ர்’ எங்கிருந்து வந்தது? 19ஆம் நூற்றாண்டில் இதை இத்தாலிய மொழிகளுக்கும் கெல்ட்டிய மொழிகளுக்கும் மட்டும் உரிய அடையாளமாகக் கருதினார்கள். பழைய ஐரிஷிலும் இதே போன்ற ‘ர்’ இருந்ததால், இரு குடும்பங்களும் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தன என்பதற்கு இதையே பெரிய சான்றாக வைத்தார்கள். 1908இல் ஸீக், ஸீக்லிங் என்ற இரு ஜெர்மானியர் மத்திய ஆசியாவில் கிடைத்த ஏடுகளின் மொழி தொக்காரியன் என்று அடையாளம் காட்டினர். சீனத்துருக்கிஸ்தானத்து பௌத்த ஏடுகளில் ‘-தர்’, ‘-ந்தர்’ ஈறுகள்! 1915இல் அறிஞர் ஹ்ரோஸ்னி ஹிட்டைட் மொழியின் பூட்டைத் திறந்தபோது அங்கும் ‘-தரி’, ‘-அந்தரி’ இருந்தன. அதோடு இத்தாலிய-கெல்ட்டிய உறவுக்கான இந்தச் சான்று சாய்ந்தது. ‘ர்’ ஈறு ரோமின் அண்டை வீட்டுச் சொத்து அல்ல, இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் பழைய உடைமை. கிரேக்கமும் சமஸ்கிருதமும்தான் அதைத் தொலைத்தவை.

ஹிட்டைட்டிலும் தொக்காரியனிலும் இந்த ஈறு முதன்மையாக நடுநிலை வினைக்குரியது. செயப்பாடு அதன் உபதொழில்.

3. டெப்போனென்ட் வினைகள்

3.1 உறவுமொழிகளின் சாட்சி

‘செக்வித்துர்’ என்ற ஒரே சொல்லைக் கையில் எடுத்துக்கொள்வோம். ‘பின்தொடர்கிறான்’ என்பது பொருள். இதே வேரிலிருந்து கிரேக்கத்தில் ‘ஹெபெதை’, சமஸ்கிருதத்தில் ‘ஸசதே’, பழைய ஐரிஷில் ‘ஷெகிதிர்’. கிரேக்கச் சொல் நடுநிலை ஈறு பெற்றது. சமஸ்கிருதச் சொல் ஆத்மநேபதம், அதாவது வினைப்பயன் செய்பவனையே சேரும்போது வரும் ஈற்று வரிசை. ஐரிஷ் சொல் அம்மொழியின் டெப்போனென்ட். நான்கு மொழிகள், நான்கிலும் செய்வினை ஈறு இல்லை. லத்தீன் ஏதோ குழப்பத்தில் செயப்பாட்டு ஈற்றைத் தவறான சொல்லில் போட்டுவிட்டது என்று நினைக்க இனி இடமில்லை. இந்தச் சொல் பிறந்ததிலிருந்தே அப்படித்தான்.

‘மொரித்துர்’, ‘சாகிறான்’. சமஸ்கிருதத்தில் ‘ம்ரியதே’; அதுவும் ஆத்மநேபத ஈறு. தமிழில் புழங்கும் மரணம், மிருத்யு என்ற வடசொற்களும் இதே வேரின. சாவதை யாரும் செய்வதில்லை, அது நிகழ்கிறது, நிகழ்வது செத்தவனிடத்திலேயே. சமஸ்கிருத இலக்கணம் படித்த ஒருவருக்கு லத்தீன் டெப்போனென்ட்டைக் கண்டு வியப்பு வர வழியில்லை.

3.2 எவையெவை இந்தக் கூட்டத்தில்

பட்டியலைப் பொருள்வாரியாகப் பிரித்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. பிறத்தல், தோன்றுதல், சாதல் ஆகிய மூன்றும் டெப்போனென்ட். எண்ணுதல், வியத்தல், அஞ்சுதல், மறத்தல், நினைவுகூர்தல், சந்தேகித்தல், சினத்தல், குறைகூறிப் புலம்புதல் என்று மனத்தில் நிகழ்பவை பெருங்கூட்டம். நடத்தல், புறப்படுதல், வழுக்குதல், பின்தொடர்தல் என்று தன்னுடம்பையே நகர்த்துபவை இன்னொன்று. மல்லுக்கட்டுதல், தழுவுதல், முத்தமிடுதல், சச்சரவிடுதல் போன்று எதிரில் ஒருவர் இருந்தாக வேண்டியவை மற்றொன்று. அடைதல், கைப்பற்றுதல், விலைக்கு வாங்குதல் என்று பலன் செய்பவனுக்கே வந்து சேர்பவையும் உண்டு.

‘உடைக்கிறேன்’, ‘கொடுக்கிறேன்’, ‘கொல்கிறேன்’, ‘கட்டுகிறேன்’ போன்ற சொற்களை இந்தப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. வெளியே உள்ள பொருள் மேல் கைவைத்து, தான் பாதிக்கப்படாமல் விலகி நிற்கும் செயல்களுக்கு ‘ஓ’ ஈறு போதும்.

1950இல் மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்ட் எழுதிய கட்டுரை இதை அழகாக வகுத்தது. செய்வினையில் செயல் எழுவாயிலிருந்து புறப்பட்டு வெளியே நிறைவேறுகிறது. நடுநிலையில் எழுவாய் செயலுக்கு உள்ளே இருக்கிறது. இதைவிடச் சுருக்கமான விளக்கம் இன்றுவரை வரவில்லை என்பது என் எண்ணம். எல்லாவற்றையும் இது விளக்கிவிடுமா என்பது வேறு கேள்வி. 5ஆம் பகுதியில் அதற்கு வருவோம்.

3.3 ஐந்து வினைகளும் ஒரு வேற்றுமையும்

பள்ளி மாணவர்களை வாட்டும் ஒரு விதி உண்டு. ‘ஊத்தோர்’ (பயன்படுத்துகிறேன்), ‘ஃப்ருவோர்’ (அனுபவிக்கிறேன்), ‘ஃபுங்கோர்’ (கடமையை நிறைவேற்றுகிறேன்), ‘பொத்தியோர்’ (கைப்பற்றுகிறேன்), ‘வெஸ்கோர்’ (உண்கிறேன்). இந்த ஐந்தும் இரண்டாம் வேற்றுமையை ஏற்காமல் அப்லேட்டிவ் வேற்றுமையை ஏற்கும். நம் மூன்றாம் வேற்றுமையின் கருவிப்பொருளையும் ஐந்தாம் வேற்றுமையின் நீங்கல்பொருளையும் சேர்த்துச் சுமப்பது அந்த வேற்றுமை. வாளைப் பயன்படுத்துகிறேன் என்று நாம் சொல்லும் இடத்தில் லத்தீன்காரன் ‘கிளாதியோ ஊத்தோர்’ என்பான். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘வாளால்’ என்றுதான் வரும்.

ஏன்? ‘ஊத்தோர்’ என்பதை ‘எனக்கு நானே பயன் செய்துகொள்கிறேன்’ என்று படித்துப் பாருங்கள். எதனால்? வாளால். ‘வெஸ்கோர்’ என்பது ‘என்னை ஊட்டி வளர்த்துக்கொள்கிறேன்’. எதனால்? ரொட்டியால். செயலின் இலக்கு எழுவாயே ஆகிவிட்டதால் இரண்டாம் வேற்றுமை அங்கே வேலையற்றுப் போகிறது. புறப்பொருளுக்குக் கருவியின் இடம்தான் மிஞ்சுகிறது. டெப்போனென்ட்டை நடுநிலை என்று ஏற்றுக்கொண்ட கணத்தில், தனியாக மனப்பாடம் செய்த ஒரு விதி தானாக விளைந்துவிடுகிறது. பாடநூலின் வரிசை தலைகீழ் என்று நான் சொன்னது இதனால்தான்.

3.4 பெயரிலிருந்து பிறப்பவை

பழைய மரபின் மிச்சம் மட்டும் என்று இவற்றை ஒதுக்கிவிடவும் முடியாது. ரோமானியர் புதிது புதிதாக டெப்போனென்ட் வினைகளைச் செய்துகொண்டே இருந்தார்கள். ‘தோமினுஸ்’ (எஜமான்) என்பதிலிருந்து ‘தோமினோர்’: எஜமானாக நடந்துகொள்கிறேன். ‘கோமெஸ்’ (வழித்துணை) என்பதிலிருந்து ‘கோமித்தோர்’: துணை போகிறேன். தத்துவம் பேசித் திரிவதற்கு ‘ஃபிலோசோஃபோர்’. கவிஞர் ஹோரஸ் ‘கிரைக்கோர்’ என்றே ஒரு சொல்லைக் கையாள்கிறார். கிரேக்கர் போலக் கூத்தடிப்பது என்று பொருள். ஒருவன் ஏதோ ஒன்றாக இருக்கிறான், அப்படி நடந்துகொள்கிறான் என்று சொல்ல வேண்டுமானால் ‘ர்’ ஈறு கைக்கு வந்தது. வாழும் மொழியில் உயிரோடு இருந்த ஒரு முறைக்கு விதிவிலக்கு என்ற பெயர் எப்படிப் பொருந்தும்?

4. சாதாரண வினையின் நடுநிலைப் பயன்

டெப்போனென்ட் அல்லாத சொற்களிலும் இதே குணம் எட்டிப்பார்க்கிறது. ‘லவோ’ என்றால் கழுவுகிறேன். ‘லவோர்’ என்றால் கழுவப்படுகிறேன் என்பதைவிடக் குளிக்கிறேன் என்பதே பெரும்பாலும் பொருத்தம். ‘வெர்த்தோ’ திருப்புகிறேன், ‘வெர்த்தோர்’ திரும்புகிறேன். ‘வெஹோ’ சுமந்து செல்கிறேன், ‘வெஹோர்’ சவாரி போகிறேன். ‘பாஸ்கோ’ மேய்க்கிறேன், ‘பாஸ்கோர்’ மேய்கிறேன். ஏமாற்றுகிறேன் என்ற சொல்லில் ‘ர்’ சேர்ந்தால் நான் தவறாக நினைக்கிறேன் என்றாகிறது. யாரும் ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை.

வர்ஜிலின் ‘ஈனெயிட்’ இரண்டாம் காண்டத்தில் டிராய் எரியும் இரவில் கிழட்டு மன்னன் பிரியாம் பயனற்ற தன் வாளை இடுப்பில் கட்டிக்கொள்கிறான். அங்கே வர்ஜில் இட்ட வினை ‘கிங்கித்துர்’. ‘கட்டு’ என்பதன் ‘ர்’ ஈற்று வடிவம். வாளோ இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறது. செயப்பாட்டுவினைக்குச் செயப்படுபொருளா என்று உரையாசிரியர்கள் நெற்றியைச் சுருக்கி, கிரேக்க நடையைக் கவிஞர் பின்பற்றுகிறார் என்று தீர்ப்பளித்தார்கள். கிரேக்கச் சாயல் இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் கிரேக்கத்திலிருந்து வந்தது வேர்பிடிக்க உள்ளூர் மண் தயாராக இருந்தது. மன்னன் தன்னைத் தானே வாள்கட்டிக்கொள்கிறான், அவ்வளவுதான். தமிழில் ‘கொள்’ என்ற துணைவினை செய்யும் வேலையை அங்கே ‘ர்’ செய்கிறது.

5. எழுவாயே இல்லாத வடிவங்கள்

இனி, பென்வெனிஸ்ட்டின் விளக்கம் திணறும் இடம்.

‘ஈத்துர்’ என்று ஒரு சொல். ‘ஈ’ என்பது போதல் என்னும் வினையின் வேர். போதலுக்குச் செயப்படுபொருள் கிடையாது. அதைச் செயப்பாட்டாக மாற்ற முடியாது என்பதுதான் பொது இலக்கணம். லத்தீன் மாற்றுகிறது. ‘ஈத்துர்’ என்றால் ‘போகிறார்கள்’, யார் என்று சொல்லத் தேவையில்லை, எல்லாரும் போகிறார்கள். அதேபோல் ‘குர்ரித்துர்’, ஓட்டம் நடக்கிறது. சீசரின் போர்க்குறிப்புகளில் ‘புக்னாத்தும் எஸ்த்’ திரும்பத் திரும்ப வரும்: சண்டை நடந்தது. எந்தப் படை, எத்தனை பேர் என்பது அப்போதைக்கு முக்கியமில்லை, களம்தான் முக்கியம். ‘குர்ரோ’வோடு ‘ர்’ சேர்த்தால் லத்தீன் ஆகாது என்று டொனாடஸ் சொன்னது தன்மை ஒருமைக்குத்தான் சரி. படர்க்கை ஒருமையில் அது நல்ல லத்தீனே.

நான்காம் வேற்றுமை ஏற்கும் வினைகளின் கதையும் இதுவே. ‘பெர்ஸ்வாதெயோ’, சொல்லி இணங்க வைக்கிறேன். யாரை இணங்க வைக்கிறேனோ அவருக்கு நான்காம் வேற்றுமை. செயப்பாட்டாக்கினால் அவர் எழுவாய் ஆகமாட்டார், நான்காம் வேற்றுமையிலேயே நிற்பார். வினை மட்டும் படர்க்கை ஒருமையில் எழுவாயின்றி நிற்கும். பொறாமைப்படுதல் என்ற வினைக்கும் இதே விதி. ஹோரஸ் தம் ‘கவிதைக் கலை’யில் ‘இன்விதெயோர்’ என்று தன்மை ஒருமையில் எழுதி விதியை மீறுகிறார். புதுச்சொல் படைக்கும் உரிமைக்காக வாதாடும் இடத்திலேயே அந்த மீறல் வருகிறது. தற்செயலாக வந்ததென்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த முறையின் உச்சம் எதிர்காலச் செயப்பாட்டு எச்சம். நகரம் பிடிக்கப்படும் என்று சொல்கிறான் என்பதற்கு ‘தீகித் உர்பெம் காப்தும் ஈரீ’ என்பது இலக்கண நூல்கள் தரும் அமைப்பு. ‘உர்பெம்’ (நகரை) பெண்பால் பெயர். ‘காப்தும்’ பெயரெச்சம் போன்ற வடிவமாக இருந்தால் பெண்பாலில் ‘காப்தம்’ என்று இயைய வேண்டும், இயையவில்லை. காரணம், அது ‘பிடிக்க’ என்று பொருள்படும் வேறொரு மாறாத வடிவம். ‘ஈரீ’ என்பதோ மேலே கண்ட ‘ஈத்துர்’ரின் எச்ச வடிவம். ‘நகரைப் பிடிக்கப் போகப்படுதல்’ என்று எலும்பும் சதையுமாகப் பெயர்க்கலாம். நகரம் அங்கே எழுவாயே அல்ல, ‘பிடிக்க’ என்பதன் செயப்படுபொருள். செயப்பாட்டுவினை வாய்பாட்டின் ஒரு கட்டத்தை நிரப்ப, எழுவாயற்ற போதல் வினையை லத்தீன் கடன் வாங்கியிருக்கிறது. இதன் கனத்தைத் தாங்கமாட்டாமல் லத்தீன்காரர்கள் வேறு சுற்றுவழிகளையே அதிகம் நாடினார்கள்.

இங்கே எழுவாய் செயலுக்குள்ளே இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? எழுவாயே இல்லையே. பழைய ஐரிஷ் ஒரு துப்புத் தருகிறது. அம்மொழியில் டெப்போனென்ட்டுக்கும் செயப்பாட்டுக்கும் ஈறுகள் தனித்தனி. செயப்பாட்டு ஈறு படர்க்கையில் மட்டுமே உண்டு. நான் அடிக்கப்படுகிறேன் என்று சொல்ல, படர்க்கை வடிவத்துக்குள் ‘என்னை’ என்ற உருபைச் செருக வேண்டும். அதாவது அங்கே செயப்பாட்டின் அடிப்படை எழுவாயற்ற வினை. லத்தீன் ‘ர்’ரில் நடுநிலை, எழுவாயின்மை என்ற இரண்டு ஓடைகள் கலந்திருக்கின்றன என்று கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. செய்பவனை மறைப்பது ஒன்று, செயலுக்குள் எழுவாயை இருத்துவது மற்றொன்று. இரண்டும் கூடும் இடத்தில்தான் ‘அமோர்’ நிற்கிறது.

6. முடிந்த செயல்

கி.மு. முதல் நூற்றாண்டு அறிஞர் வார்ரோ லத்தீன் வினையை முடிவுறாதது, முடிவுற்றது என்று இரண்டாகப் பிரித்தார். ‘ர்’ ஈறு முடிவுறாத பாதியோடு நின்றுவிடும். முடிவுற்ற பாதியில் செயப்பாடு இரு சொல்லாக வரும்: ‘அமாத்துஸ் சும்’, ‘நேசிக்கப்பட்டவன் இருக்கிறேன்’. டெப்போனென்ட்டும் அதே வழி: ‘செக்கூத்துஸ் சும்’. ஆனால் இங்கே எச்சத்தின் பொருள் ‘பின்தொடர்ந்தவன்’.

இந்தச் சின்ன வேறுபாடு லத்தீன் உரைநடையையே செதுக்கியிருக்கிறது. தமிழில் ‘நகரைப் பிடித்துத் தளபதி திரும்பினான்’ என்று வினையெச்சம் போட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். லத்தீனில் சாதாரண வினைகளுக்குச் செய்வினையில் இறந்தகால எச்சமே கிடையாது. ‘பிடிக்கப்பட்ட’ மட்டும் உண்டு. ஆகவே ‘உர்பே காப்தா துக்ஸ் ரெதியித்’ என்று, ‘நகர் பிடிக்கப்பட்ட நிலையில் தளபதி திரும்பினான்’ என்ற தனித் தொடரை வாக்கியத்தின் தலையில் கட்ட வேண்டியிருக்கிறது. பிடித்தவன் யார் என்பதை வாசகன் ஊகித்துக்கொள்வான். அதே தளபதி வீரர்களை ஊக்கப்படுத்திவிட்டுத் திரும்பினால் ‘மீலித்தேஸ் ஹோர்த்தாத்துஸ்’ என்று நேராகச் சொல்லிவிடலாம், ஏனெனில் ஊக்கப்படுத்துதல் டெப்போனென்ட். சீசரின் நடையில் ‘ஊக்கப்படுத்தி’, ‘முன்னேறி’, ‘புறப்பட்டு’, ‘எண்ணி’, ‘வாக்களித்து’ என்ற பொருள்களில் டெப்போனென்ட் எச்சங்கள் இத்தனை வருவது அவருடைய தனி விருப்பம் மட்டுமன்று. மொழியில் வேறெங்கும் கிடைக்காத வசதி அது.

பாதி டெப்போனென்ட் என்று ஒரு சிறு கும்பலும் உண்டு. ‘அவுதெயோ’ (துணிகிறேன்), ‘கவுதெயோ’ (மகிழ்கிறேன்), ‘சொலெயோ’ (வழக்கமாகச் செய்கிறேன்), ‘ஃபீதோ’ (நம்புகிறேன்). நிகழ்காலத்தில் செய்வினை ஈறு, முடிந்த காலத்தில் இரு சொல் வடிவம். ‘சொலெயோ’ தவிர மற்ற மூன்றும் மனநிலையைக் குறிப்பவை என்பதைக் கவனிக்கலாம். ‘ரெவெர்த்தோர்’ (திரும்பி வருகிறேன்) இதற்கு நேர் எதிர்: நிகழ்காலத்தில் ‘ர்’, முடிந்த காலத்தில் செய்வினை. அரிதாகச் சாதாரண வினையின் எச்சமும் செய்பவனைச் சுட்டுவதுண்டு: ‘கேனாத்துஸ்’ என்றால் ‘உணவாக உண்ணப்பட்டவன்’ அல்லன், ‘சாப்பிட்டு முடித்தவன்’. எச்ச ஈறான ‘-துஸ்’ஸும் பிறப்பால் செயப்பாட்டுக்கு உரியதன்று, செயல் முடிந்தபின் யார் அந்த நிலையில் இருக்கிறாரோ அவரைச் சுட்டுவது.

7. செய்வினை உடையில் செயப்பாடு

எதிர்ப்புறமிருந்தும் கோடு உடைகிறது. ‘வாப்புலோ’ என்றால் அடிபடுகிறேன். ஈறு அப்பட்டமான செய்வினை. விற்கப்படுவதற்கு ‘வேனெயோ’: விற்பனை என்ற பழம்பெயரும் போதல் வினையும் ஒட்டியது, நம் ‘விலைபோதல்’ போல. ‘பெர்தோ’ (அழிக்கிறேன்) என்பதற்குச் செயப்பாடாக நிற்பது ‘பெரெயோ’. அதுவும் போதல் வினையின் கூட்டு. ‘ஃபாகியோ’ (செய்கிறேன்) என்ற மிகச் சாதாரணமான வினைக்கே நிகழ்காலச் செயப்பாடு சொந்தமாகக் கிடையாது. ‘ஃபீயோ’ (ஆகிறேன்) அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. செய்யப்படுவது என்றால் ஆவது. பகுப்பின் பெயரைத் தாங்கிய ‘செய்’ என்ற வினையே அந்தப் பகுப்புக்குள் வரவில்லை.

8. ‘ர்’ மறைந்த விதம்

எழுதப்பட்ட லத்தீன் இந்த ஈற்றைக் கடைசிவரை காப்பாற்றியது. பேச்சு காப்பாற்றவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டு நாவலான பெட்ரோனியஸின் ‘சாட்டிரிகா’னில், படிப்பறிவு குறைந்த விடுதலை பெற்ற அடிமை ஒருவன் ‘லொக்வெரிஸ்’ என்பதற்குப் பதில் ‘லொக்விஸ்’ என்கிறான். நகைப்பதற்காக எழுதியது, வரலாற்றுக்குச் சான்றாகிவிட்டது.

பின்னாளில் டெப்போனென்ட்டுகள் எல்லாம் செய்வினை ஈற்றுக்கு மாறின: இத்தாலியனில் ‘மொரீரெ’, ஸ்பானிஷில் ‘மொரிர்’, பிரெஞ்சில் ‘மூரிர்’. செயப்பாட்டின் நிகழ்காலத்தை ‘அமாத்துஸ் எஸ்த்’ பிடித்துக்கொண்டது. செவ்வியல் காலத்தில் ‘நேசிக்கப்பட்டான்’ என்று பொருள்பட்ட அத்தொடர் ‘நேசிக்கப்படுகிறான்’ ஆயிற்று. கதவு மூடப்பட்டது, ஆகவே மூடியிருக்கிறது என்ற நிலைப்பொருள் வழியாக இந்த நகர்வு எளிதில் நடந்திருக்கும். நடுநிலை வேலையைத் ‘தன்னை’ என்று பொருள்படும் ‘சே’ எடுத்துக்கொண்டது. இன்றைய ஸ்பானிஷ் கடைகளில் ‘விற்பனைக்கு’ என்று தொங்கும் பலகையில் இருப்பது அந்த ‘சே’தான்.

ஒரு தடம் மட்டும் மிஞ்சியிருக்கலாம். பிரெஞ்சிலும் இத்தாலியனிலும் இறந்தகாலத்துக்குப் பொதுவாக ‘உடைய’ என்ற துணைவினை வரும். இறந்தான், பிறந்தான் போன்ற சிலவற்றுக்கு ‘இரு’ என்ற துணைவினை. லத்தீனின் ‘மொர்த்துவுஸ் எஸ்த்’, ‘நாத்துஸ் எஸ்த்’ என்பவற்றின் அச்சு அது. ‘வருதல்’ போன்ற பழைய செய்வினைகளும் இதே கூட்டத்தில் சேர்ந்துவிட்டதால், டெப்போனென்ட் ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

9. அதே கோடு தமிழுக்கு வந்தபோது

ஐரோப்பியப் பாதிரிமார் எழுதிய மூன்று இலக்கணங்களைப் பார்ப்போம்: ஹென்றிக் ஹென்றிக்கஸ் 1549 வாக்கில் எழுதிய தமிழ் இலக்கணம், சீகன்பால்கு 1716இல் ஹாலேயில் அச்சிட்ட ‘கிராமாட்டிகா தாமூலிகா’, வீரமாமுனிவரின் 1738 தரங்கம்பாடிப் பதிப்பான கொடுந்தமிழ் இலக்கணம். முதலது போர்த்துகீசியத்தில், பின்னிரண்டும் லத்தீனிலேயே எழுதப்பட்டவை. டொனாடஸ் வழிவந்த பள்ளி இலக்கணமே இவர்கள் மூவரும் வளர்ந்த சூழல். அந்த வாய்பாட்டில் ‘அமோர்’ருக்கு நேர் எதிரே தமிழில் ஒரு வடிவம் வேண்டுமென்று தேடினால் உடனே கையில் சிக்குவது ‘படு’. அது ஐரோப்பியர் புகுத்தியது என்று சிலர் சொல்வதுண்டு. செயப்படுபொருள் என்ற தொல்காப்பியச் சொல்லிலேயே ‘படு’ இருக்கும்போது அந்த வாதம் நிற்காது. ஆனால் திராவிட மொழிகளுக்கு இயல்பான செயப்பாட்டுவினையே கிடையாது என்று 1856இல் கால்டுவெல் எழுதியதில், வாய்பாட்டுக்கும் வழக்குக்கும் இருந்த இடைவெளியை அவர் உணர்ந்தது தெரிகிறது.

அமோ-அமோர் இணையை விட்டுவிட்டு, வெர்த்தோ-வெர்த்தோர் இணையை வைத்துக்கொண்டு தமிழைப் பார்த்திருந்தால் வேறொன்று தெரிந்திருக்கும். திருப்பு, திரும்பு. மேய்த்தது, மேய்ந்தது. உடைத்தது, உடைந்தது. திண்ணையை ஒருவர் மெழுக, திண்ணை மெழுகிற்று என்று சொல்வது வழக்கு என்பதைத் தொல்காப்பியமும் உரைகளும் பேசுகின்றன. கு. பரமசிவம் 1970களில் செய்த ஆய்வு, தமிழ் வினைகளைச் செயலின் விளைவு எழுவாயிலேயே தங்குபவை, பிறிதொன்றைச் சென்று தாக்குபவை என்று பிரித்துக் காட்டியது. பென்வெனிஸ்ட் வரைந்த கோட்டுக்கு இது வெகு அருகில் வருகிறது.

இரு மொழிகளும் பிரியும் இடமும் இதிலேயே தெரிகிறது. ‘நாவிஸ் ஃப்ரங்கித்துர்’ என்ற லத்தீன் தொடரைத் தமிழில் ‘கப்பல் உடைகிறது’ என்றும் பெயர்க்கலாம், ‘கப்பல் உடைக்கப்படுகிறது’ என்றும் பெயர்க்கலாம். லத்தீனின் ஒரே ‘ர்’ இரண்டையும் சுமக்கிறது. உடைப்பவரைச் சுட்டும் ‘அப்’ என்ற முன்னுருபு பக்கத்தில் வந்தால் இரண்டாவதைக் கொள்ளலாம். வராவிட்டால் பாறையா, பகைவனா என்பதை மொழிபெயர்ப்பாளர் முன்பின் வாக்கியங்களைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். தமிழ்க்காரர் அந்த முடிவை எடுக்காமல் பேனாவை நகர்த்தவே முடியாது.